தொப்பி வலை வளைய மாட்டேன் என்கிறது, யாராவது வழி சொல்லுங்கோ

வணக்கம் அக்காமார், தங்கச்சிமார். குருநகரில் இருந்து எழுதுகிறேன். மச்சாளின் மகளுக்கு அடுத்த மாதம் கோயிலில் கலியாணம். நீள முக்காடு வேண்டாமாம். சின்னத் தொப்பியில் இருந்து மூக்கு வரைக்கும் இறங்குகிற வலைதான் வேணுமாம்.

9 அங்குல அகலம், 24 அங்குல நீளத்தில் வெட்டி, மேல் மூலை இரண்டையும் சரிவாக நறுக்கினேன். பிறகு மேல் விளிம்புக் கண்களுக்குள்ளால் நூல் ஓட்டிச் சுருக்கினேன். நெற்றியில் வடிவாகத்தான் நிற்கிறது. கன்னத்துப் பக்கம் மட்டும் வெளியே தள்ளுகிறது. பிள்ளை கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "நுளம்பு வலைக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள்.

அயன் பெட்டியை லேசாக வைத்தேன், நைலோன்தானே, ஒரு மூலை உருகிச் சுருண்டுவிட்டது. அம்மா கஞ்சி போடச் சொல்கிறா. நைலோன் எங்கே கஞ்சி குடிக்கப் போகிறது!

கேத்தில் ஆவியில் பிடித்து, கவிழ்த்த சட்டியின் மேல் வைத்து வளைத்தால் அந்த வளைவு நிற்குமா? பக்க விளிம்பையும் சுருக்க வேணுமா? நான் வாங்கியது ரியூல் என்கிற மெல்லிய வலைத்துணி. டைமன் வடிவக் கண் வைத்த விறைப்பான வலை யாழ்ப்பாணக் கடைகளில் எங்கே கிடைக்கும்? கொழும்புக்குச் சொல்லிவிட நாள் காணாது.