ஏ9 வீதியில் ஒழுங்கைச் சந்திகள்: ஓட்டுநரைத் திருத்துவதா, வீதியைத் திருத்துவதா?

உசன்வாசி:
நேற்று விடிய ஏழு மணியிருக்கும், கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் கொடிகாமத்துக்கும் மிருசுவிலுக்கும் இடையில் ஒரு ஒழுங்கை (குறுகிய கிளைத் தெரு) முகப்பில் நின்றேன். தரம் எட்டுப் படிக்கிற வயதுப் பிள்ளை ஒன்று சைக்கிளில் வந்து, முன்சில்லைத் தாரில் ஏற்றி வைத்துக்கொண்டு கழுத்தை நீட்டி மதிலுக்கு அங்கால் எட்டிப் பார்க்கிறது. மதிலை வீதிக்கரை வரைக்கும் கட்டியிருக்கிறார்கள், சில் தாரில் ஏறாமல் வருகிற வாகனம் தெரியாது. அந்த நேரம் ஒரு வான் ஹோர்ன் அடித்தபடி உரசிக்கொண்டு போனது, பிள்ளையின் புத்தகப் பை காற்றில் ஆடியதை என் கண்ணால் பார்த்தேன். வழுவழுப்பான காப்பெற் வீதி வந்ததில் வவுனியா போய்வர நேரம் மிச்சம், சரி. ஆனால் இந்தப் பிள்ளை கடப்பதற்கு என்ன செய்து கொடுத்தோம்? சந்திக்குச் சந்தி வேகத்தடை போடவேண்டும், பெரிய சந்திகளில் சுற்றுவட்டம் வேண்டும்.

லொறி அண்ணை:
தம்பி, பத்து வருடத்துக்கு மேல் இந்த வீதியில் ஓடுகிறேன். ஒழுங்கையிலிருந்து மோட்டார் சைக்கிள்காரர் இரண்டு பக்கமும் பாராமல் அப்படியே ஏறுகிறார்கள். இரவில் தார்ச் சூட்டுக்குக் கட்டாக்காலி மாடு நடுவீதியில் படுத்திருக்கும். உழவு இயந்திரம் இழுக்கிற பெட்டிக்குப் பின்லைட் கிடையாது, கிட்டப் போன பிறகுதான் தெரியும். இதையெல்லாம் விட்டுவிட்டு எங்களுக்கு வேகத்தடையா? யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிற அம்புலன்ஸ் ஒவ்வொரு தடையிலும் குலுங்கவேண்டுமா? பொலிஸ் நின்றால் போதும், எல்லோரும் ஒழுங்காக ஓடுவார்கள்.

மீசாலை ரீச்சர்:
பொலிஸ் நிற்கிற இடத்தை எதிரே வருகிறவர் லைட் அடித்துச் சொல்லிவிடுகிறாரே அண்ணை, அந்த நூறு யார் தூரத்துக்குத்தான் எல்லோரும் ஒழுங்கு. கணக்கைப் பாருங்கள். கார், மோட்டார் சைக்கிளுக்கு ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70 என்பது சட்டம். 70இல் ஒரு செக்கனுக்கு 19 மீற்றர் போகிறோம், பிள்ளையைக் கண்டு பிறேக்கில் கால் வைக்கவே அந்த ஒரு செக்கன் போய்விடும். 50 என்றால் 14 மீற்றர்தான். மோதினாலும் 70இல் விழுகிற அடி, சக்தியளவில் 50இல் விழுவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிள்ளை பிழை விடும், நாங்களும் விடுவோம். அந்தப் பிழைக்கு உயிர் போகக்கூடாது என்றுதான் வீதியைக் கட்டவேண்டும்.

லொறி அண்ணை:
கணக்கு சரி ரீச்சர், நான் மறுக்கவில்லை. ஆனால் பாரம் ஏற்றிய லொறி இருட்டில் கோடு அழிந்த வேகத்தடையில் ஏறினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முன்னால் போகிறவன் திடீரென்று பிறேக் பிடிப்பான், நான் பின்னால் போய் இடிப்பேன்.

சந்திக்கடை:
சுற்றுவட்டம் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள், காணி யாருடையது? என் கடை முகப்பு ஏற்கனவே ஒருமுறை வீதி அகலிப்புக்குள் போய்விட்டது. இன்னும் பத்தடி எடுத்தால் சனம் சைக்கிளை எங்கே விடும்?

உசன்வாசி:
கடைக்காரர் சொல்வது நியாயம், நட்டஈடு இல்லாமல் ஒரு அடியும் எடுக்கக்கூடாது. ஆனால் நான்கு வீதி சந்திக்கும் சாதாரணச் சந்தியில் வாகனப் பாதைகள் ஒன்றோடொன்று முட்டக்கூடிய புள்ளிகள் 32, அதே இடத்தில் ஒற்றைத்தடச் சுற்றுவட்டம் வந்தால் 8. அதனால்தான் கேட்கிறேன். ஒழுங்கைகளுக்கு அது தேவையில்லை. மதில் மூலையைச் சரிவாக வெட்டி, மேல்பாதிக்குக் கம்பி வலை அடித்தாலே பிள்ளை தாரில் ஏறாமல் பார்க்கலாம். தாரில் குறுக்கே தடித்த வெள்ளைக் கோடுகள் போட்டால் சில்லுச் சத்தத்தில் ஓட்டுநருக்குச் சந்தி வருவது விளங்கும், அம்புலன்சும் குலுங்காது.

லொறி அண்ணை:
சத்தக் கோடு நல்லது, நித்திரைத் தூக்கத்தில் வருகிறவனையும் எழுப்பும். மதில் மூலையும் வெட்டத்தான் வேண்டும். வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு எழுதினால் என் பெயரையும் போடுங்கள். மாட்டுக்காரரையும் பெட்டிப் பின்லைட்டையும் விடாமல் எழுதுங்கள். வேகத்தடைக்கு மட்டும் நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.

மீசாலை ரீச்சர்:
பள்ளிக்கூட வாசலிலுமா அண்ணை?

லொறி அண்ணை:
பள்ளிக்கூட வாசல் வேறு கதை. அங்கே போடுங்கள், ஆனால் முன்னுக்கே பலகையும் லைட்டும் வையுங்கள்.