சனிக்கிழமை அம்மா அப்பா பாரிஸ் வருகிறார்கள்: கோயில், சாப்பாடு, பழைய இடங்கள் எங்கே? (அவசரம்)

திருநகர் பையன்:
வணக்கம். பாரிஸ் வந்து ஏழு வாரம் ஆகிறது. ஆபீஸ், ரூம் தவிர எதுவும் தெரியாது. அம்மா அப்பாவுக்கு விசா கிடைக்காது என்று தைரியமாக இருந்தேன், கிடைத்துவிட்டது. சனிக்கிழமை வந்து இறங்குகிறார்கள். நம் ஆட்கள் இருக்கும் ஏரியா, கோயில், சாப்பாட்டுக் கடை, ஆசியக்காரர்களின் பழைய இடங்கள், மியூசியம், எதுவானாலும் சொல்லுங்கள். அப்பா ரிட்டயர்ட் வரலாற்று வாத்தியார். ஈபிள் டவரைக் காட்டி ஒப்பேற்ற முடியாது. நாலு நாளாகத் தூக்கமில்லை.

செல்லூர்க்காரன்:
கொடுத்து வைத்தவர் தம்பி நீங்கள். நான் 2004-ல் வந்தபோது ஆறாவது மாடியில் ஒரு பொந்து, லிஃப்ட் கிடையாது, கக்கூஸ் வராந்தாக் கடைசியில். நீள ரொட்டியும் வெங்காயமும்தான் மூன்று வேளையும். ஒரு மாதம் கழித்து ஒருநாள் கார் து நோர் ரயில் நிலையத்தைத் தாண்டி வழி தவறிப் போனேன். தமிழில் கடை போர்டு! முருங்கைக்காய் கட்டிக் கட்டி வைத்திருந்தான். நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன். அப்படியே நம் மதுரை டவுன்ஹால் ரோடுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில்: அந்த ஏரியாதான், லாச்சப்பல். அவ்வளவுதான்.

வைகை வடகரை:
யார் வந்தாலும் லாச்சப்பல், லாச்சப்பல். அவர் ஆசியக்காரர்களின் இடங்கள் என்று கேட்டிருக்கிறார். பதின்மூன்றாம் வட்டாரத்துக்குப் போங்கள் தம்பி. அவென்யூ திவ்ரி, அவென்யூ து ஷுவாசி என்று இரண்டு தெரு. 1975-க்குப் பிறகு வியட்நாம், கம்போடியா, லாவோஸிலிருந்து அகதிகளாக வந்தவர்கள், யாரும் குடிவர விரும்பாத அந்த உயரக் கட்டடங்களில் வந்து உட்கார்ந்து உருவாக்கிய இடம். அங்கே தாங் ஃப்ரேர் கடைக்குள் நுழைந்தால் புளி, தேங்காய்ப்பால், கீரை, பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும். ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சூப்பில் அரை நாள் ஓடிவிடும்.

மேலூர் அக்கா:
மதுரையிலிருந்து வரும் அம்மாவுக்கு மாட்டெலும்பு சூப்பா? நல்ல யோசனை. தம்பி, அம்மா சைவமா அசைவமா, வீடு எங்கே, எத்தனை நாள் தங்குகிறார்கள், எதையும் நீங்கள் சொல்லவில்லையே.

பாண்டி மருமகன்:
என் மாமனார் வீடு பாண்டிச்சேரி. 1962-ல் பாண்டிச்சேரி முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். ஈழத்து ஆட்கள் எண்பதுகளில்தான் பெருவாரியாக வந்தார்கள், அதற்கு முன்பே நாங்கள் இங்கே. பழைய இடம் என்றால் பசாஜ் பிராடி. 1828-ல் கட்டிய கண்ணாடிக் கூரைச் சந்து, உள்ளே வரிசையாக இந்தியக் கடைகள்.

செல்லூர்க்காரன்:
அங்கே இப்போது எல்லாம் வடக்கத்திய குருமா அண்ணே. வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். தோசைக்கு அங்கே போகக்கூடாது.

பாண்டி மருமகன்:
தோசை என்று யார் சொன்னது? பழைய இடம் என்றுதான் சொன்னேன்.

வைகை வடகரை:
தோசையை விடுங்கள், வாடகையைப் பற்றி யாராவது பேசுங்கள். வீட்டுக்காரன் சம்பளச் சீட்டு மூன்று கேட்டான், ஜாமீன்தாரர் கேட்டான், ஜாமீன்தாரரின் சம்பளச் சீட்டையும் கேட்டான். என் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போதுகூட நான் இவ்வளவு விசாரிக்கவில்லை.

செல்லூர்க்காரன்:
விசா புதுப்பிக்க நேரம் வாங்கியிருக்கிறீர்களா? ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கணினி முன்னால் உட்கார்ந்தேன். மூன்று நிமிடத்தில் எல்லா இடமும் காலி. சித்திரைத் திருவிழா பாஸ்கூட அதைவிடச் சுலபம்.

ஒத்தக்கடை ரிட்டர்ன்:
பன்னிரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு இப்போது ஊரில் இருக்கிறேன். இதை யாரும் சொல்லவில்லை, அவசரமாகச் சொல்கிறேன். நெய், பால்கோவா, மட்டன் ஊறுகாய் எதையும் பெட்டியில் வைக்க வேண்டாம். ஐரோப்பாவுக்குள் பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. கருவேப்பிலைக்கும் 2019 டிசம்பரிலிருந்து பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். அதுதான் லாச்சப்பலில் கொத்துக் கொத்தாகக் கிடைக்கிறதே. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, வத்தல், வடகம் தாராளமாக வரட்டும்.

திருநகர் பையன்:
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். வீடு பொபின்யி, 5-ஆம் மெட்ரோவின் கடைசி நிலையம். இரண்டு வாரம் இருப்பார்கள். அம்மா சுத்த சைவம், முட்டிவலி. அப்பா ஞாயிறு மட்டன் இல்லாமல் இருக்கமாட்டார். எனக்கு லீவு சனி, ஞாயிறு மட்டும். மற்ற நாள் அவர்களே போக வேண்டும்.

மேலூர் அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 5-ல் ஏறினால் கார் து நோர் நேர் வண்டி. பதின்மூன்றை இரண்டாவது வாரத்துக்குத் தள்ளுங்கள்.

கார் து நோரில் இறங்கி ஃபோபூர் சான் தெனி தெருவில் வடக்கே நடங்கள். சைவ ஓட்டலும் கொத்து ரொட்டிக் கடையும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும், அப்பா பிரச்சினையும் தீர்ந்தது. ஒன்று கவனம்: ஈழத்துக் கடைகளில் சம்பலில் மாசி போடுவார்கள். மாசி வீதி இல்லை, மாசிக் கருவாடு. 'மாசி போடாததா' என்று அம்மா கேட்டே வாங்கட்டும். அங்கிருந்து ரூ பஜோல் நடை தூரம். 17-ஆம் எண்ணில் மாணிக்க விநாயகர் ஆலயம், 1985-ல் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில் தேர். தெருவெல்லாம் தேங்காய் உடையும்.

மெட்ரோவில் பெரும்பாலும் படிதான். 14-ஆம் தடம் மட்டும்தான் முழுக்க லிஃப்ட் வசதி உள்ளது. லாச்சப்பல் நிலையமே மேம்பாலத்தில் நிற்கிறது. அம்மாவோடு போகும்போது பஸ் பாருங்கள்.

அப்பாவுக்கு இரண்டு மியூசியம். செர்னுஸ்கி: சீன, ஜப்பானியப் பொருள்கள், நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை, திங்கள் விடுமுறை. 5-லிருந்து ஸ்டாலின்கிராட் நிலையத்தில் 2-ஆம் தடத்துக்கு மாறி மொன்சோவில் இறங்கலாம். இன்னொன்று கிமே, செவ்வாய் விடுமுறை, மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். அங்கோர் சிற்பங்களும் சோழர் கால நடராசரும் இருக்கின்றன. எங்கள் அப்பா அவர் முன்னால் நின்று, 'நம் மதுரை வெள்ளியம்பலம் மாதிரி கால் மாறவில்லையே' என்று காவலாளியிடம் தமிழிலேயே கேட்டார். அவனும் தலையாட்டினான்.

மெட்ரோ, பஸ்ஸுக்கான நவிகோ வாரப் பாஸ் சனிக்கிழமை வாங்கி அன்றே உபயோகிக்க முடியாது. அது திங்கள் முதல் ஞாயிறு வரைக்குத்தான். வெள்ளியிலிருந்து அடுத்த வாரத்துக்கு விற்பார்கள். சனி, ஞாயிறுக்குத் தனி டிக்கெட். போட்டோ ஒட்டுகிற கார்டு வேண்டும், ஊரிலிருந்தே இரண்டு சின்னப் போட்டோ எடுத்து வரச் சொல்லுங்கள்.

வைகை வடகரை:
லாச்சப்பலிலிருந்து 2-லேயே கிழக்கே நாலு நிலையம் தள்ளிப் போனால் பெல்வில். அங்கும் சீனக் கடைகள் உண்டு. சொல்லி வைக்கிறேன்.

திருநகர் பையன்:
அக்கா, ரொம்ப நன்றி. போட்டோ ஸ்டுடியோவுக்கு அப்பா கிளம்பிவிட்டார். அம்மாவிடம் நெய்யை வெளியே எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டேன் என்கிறார். நம்பிக்கையில்லை.