அம்பு வேலியைத் துளைத்துவிட்டது: கொல்லைப்புறத்தில் வில் பழகலாமா?

கொல்லைவில்:
வணக்கம். ஒரு வருடமாகச் சங்கத்தின் உள்ளரங்கில் வில் பழகிவருகிறேன். ரிகர்வ் வில் (இரு முனைகளும் முன்னோக்கி வளைந்தது), இழுவிசை 28 பவுண்டு, கார்பன் அம்புகள். வாரம் ஒரு நாள் பயிற்சி போதவில்லை என்று போன மாதம் வீட்டுக் கொல்லையிலேயே நுரை அடுக்கு இலக்கு ஒன்றை நிறுத்தினேன். இடம் 14 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். மூன்று பக்கமும் ஆளுயரப் பலகை வேலி. இலக்கு, பின்வேலியை ஒட்டி.

நேற்று மாலை நாணை விடும்போது விரல் பிசகியது. அம்பு இலக்கின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு போய் வேலியில் குத்தி நின்றது. ஏணி போட்டு எட்டிப் பார்த்தேன். முனை மறுபக்கம் இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர்கீழே புல்லில் ஒரு குழந்தையின் செருப்பு, ஒற்றையாகக் கிடந்தது. அந்த நேரத்தில் தோட்டத்தில் யாரும் இல்லை. ஆனாலும் இரவு முழுவதும் தூக்கமில்லை.

குடியிருப்புப் பகுதியில் இப்படிப் பழகச் சட்டம் இடம் தருகிறதா? வேலிக்கு முன்னால் எதை நிறுத்தினால் அம்பு நிற்கும்? 10 மீட்டர் தூரத்தில் பழகிப் பயன் உண்டா? இல்லை, பேசாமல் விட்டுவிட வேண்டியதுதானா?

மரவேலைக்காரன்:
இதற்கா தூக்கம் கெட வேண்டும்? 18 மி.மீ. ஒட்டுப்பலகை இரண்டை அடுக்கி நிறுத்துங்கள். 28 பவுண்டு வில் அதைத் தாண்டாது.

மூன்றுவிசில்:
மரவேலைக்காரன் ஐயா, தாண்டாது என்பது சரிதான். நின்ற அம்பைப் பிடுங்க முடியாது என்பதும், சாய்வாகப் பட்ட அம்பு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது என்பதும் கூடவே வருகின்றன. கார்பன் தண்டு கெட்டியான பொருளில் மோதினால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். அதே அம்பை மறுபடி நாணில் ஏற்றி விட்டால் தண்டு சிதறி வில் பிடித்த கையில் ஏறும். அப்படிப்பட்ட கையை நான் பார்த்திருக்கிறேன், விவரிக்க விரும்பவில்லை.

கொல்லைவில், வேலியில் குத்திய அந்த அம்பை முதலில் சோதியுங்கள். காதருகே பிடித்து இலேசாக வளைத்து, கொஞ்சம் திருப்பி மறுபடி வளையுங்கள். நொறுங்குகிற சத்தம் ஏதாவது கேட்டால் உடைத்து எறிந்துவிடுங்கள். சத்தம் இல்லாவிட்டாலும் நானாக இருந்தால் எறிந்துவிடுவேன்.

இனி தடுப்பு. அம்புக்கென்றே நெய்த வலை கிடைக்கிறது. விளையாட்டுத் திடல்களில் கட்டும் சாதாரண வலை உதவாது. கண்ணி வழியே அம்பு போய்விடும். வலையை விறைப்பாகக் கட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. விறைத்த வலையை முனை கிழித்துக்கொண்டு போகும். திரைச்சீலைபோலத் தொளதொளவென்று தொங்க வேண்டும், அடிப்பகுதி தரையில் ஒரு முழம் மடிந்து கிடக்க வேண்டும். அப்போதுதான் அம்பின் வேகத்தை வலை உள்வாங்கும். வலைக்குப் பின்னால் ஒரு மீட்டராவது வெற்றிடம் விடுங்கள். அம்பு வலையைத் தள்ளிக்கொண்டு போக இடம் வேண்டுமே.

ஆனால் வலை இரண்டாவது காவல்தான். 10 மீட்டரில் 1 பாகை பிசகினால் அம்பு 17 செ.மீ. விலகும், 5 பாகை பிசகினால் 87 செ.மீ. உங்கள் இலக்கு எவ்வளவு அகலம்? கொல்லையில் பழகுகிறவன் கணக்குப் போட வேண்டியது நல்ல அம்பை வைத்தல்ல. உள்ளதிலேயே மோசமான அம்பு எங்கே போய் நிற்கும் என்று கேட்டு, அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் நாணைத் தொட வேண்டும்.

இன்னொன்று. சிலர் வில்லை வானத்துக்குத் தூக்கி, இழுத்துக்கொண்டே கீழே இறக்குவார்கள். இழுக்கும்போது கை தவறினால் அம்பு பாதுகாப்பு எல்லையைத் தாண்டக்கூடிய எந்த முறைக்கும் உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் போட்டிகளில் அனுமதி இல்லை. உங்கள் 28 பவுண்டு வில்லிலிருந்து சாய்வாக மேல்நோக்கிப் போன அம்பு 100 மீட்டருக்கு அப்பாலும் போய் விழலாம். நடுவில் எத்தனை கூரைகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வில்லை இலக்கின் உயரத்திலோ அதற்குக் கீழோ வைத்து இழுத்துப் பழகுங்கள்.

மரவேலைக்காரன்:
தெறிப்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. பலகை யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எழுதிக்கேள்:
சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே. நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, ஊருக்கு ஊர் மாறும். தேசியச் சட்டத்தில் வில்லைப் பற்றி ஒன்றுமே இல்லாமல், நகராட்சியின் துணைவிதி ஒன்று குடியிருப்பு எல்லைக்குள் எய்வதையே தடுக்கலாம். அந்த விதியில் "வில்" என்ற சொல்லைத் தேடிக் கிடைக்கவில்லை என்று நிம்மதியாகிவிடாதீர்கள். "எறிபொருளை ஏவும் கருவி" என்ற பொதுச் சொல்லுக்குள் வில்லும் அடங்கிவிடும். குறுக்குவில்லுக்கு (துப்பாக்கிபோல விசையை அழுத்தி எய்வது) பல இடங்களில் தனிக் கட்டுப்பாடு உண்டு. ஒன்றுக்குக் கிடைத்த அனுமதி மற்றதற்கு ஆகாது.

தொலைபேசியில் கேட்டால் எடுத்தவர் "பரவாயில்லை" என்பார், நாளைக்கு அவர் பேரே தெரியாது. எழுதிக் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். கொல்லையின் அளவு, எய்யும் திசை, தடுப்பு எல்லாவற்றையும் ஒரு படமாக வரைந்து இணைத்தால் பதில் தெளிவாக வரும். வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தையும், குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் விதிகளையும் படியுங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால் அடுத்தவருக்கு நேரும் காயத்துக்கு அது பொறுப்பேற்குமா என்பதையும் கேட்டுவையுங்கள்.

அனுமதி இருப்பதும் பொறுப்பு இல்லாமல் போவதும் ஒன்றல்ல. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பழமொழி மட்டுமல்ல, வழக்கு மன்றமும் அம்பை நோகாது.

அடுத்தவீட்டுக்காரி:
நான் வில் பிடித்தவள் இல்லை. வில்லாளி ஒருவரின் அடுத்த வீட்டில் ஆறு வருடமாகக் குடியிருப்பவள், அந்த உரிமையில் எழுதுகிறேன். முதல் சில மாதங்கள் வேலிக்கு அப்பால் "தட், தட்" என்று சத்தம் மட்டும் கேட்கும். என்னவென்று தெரியாது. தெரிந்த அன்று எனக்கு வந்த கோபம் அம்பைப் பார்த்து வந்ததல்ல, சொல்லாமல் செய்ததைப் பார்த்து வந்தது.

தம்பி, போய்ச் சொல்லிவிடுங்கள். துளையையும் நீங்களே காட்டுங்கள். அந்தச் செருப்புக்குரிய குழந்தையின் தாய் அதைத் தானாகக் கண்டுபிடிக்கும் நாளை நினைத்துப் பாருங்கள்.

நாணொலி:
திசையைத் திருப்ப முடியுமா என்று பாருங்கள். பின்வேலியருகே நின்று உங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்து எய்யுங்கள், சன்னல் இல்லாத பக்கமாக. சுவருக்கு முன்னால் வலை, வலைக்கு முன்னால் இலக்கு. உடைந்தால் உங்கள் ஓடு உடையட்டும். ஆனால் அந்தப் பக்கம் கதவு இருந்தால் உள்ளிருந்து பூட்டிச் சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். "எய்யும்போது வெளியே வராதே" என்று சொல்லிவைப்பது பூட்டு ஆகாது.

இலக்கைத் தாழ்த்துங்கள். நடுப்புள்ளி முழங்கால் உயரத்துக்குச் சற்று மேல் இருந்தால் போதும். அம்பு கீழ்நோக்கிப் போகும், தவறினாலும் பெரும்பாலும் மண்ணைத்தான் தேடும்.

10 மீட்டரில் பயன் உண்டா என்றால், தாராளமாக உண்டு. ஒலிம்பிக்கில் 70 மீட்டரில் வைப்பது 122 செ.மீ. இலக்குத்தாள். அதே விகிதத்தில் 10 மீட்டருக்குச் சுமார் 17 செ.மீ. வட்டம் ஒட்டினால் கண்ணுக்கு அதே அளவாகத் தெரியும். நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டம் 1.7 செ.மீ.தான். அதில் ஆறு அம்பு வைத்துவிட்டு வந்து "தூரம் போதவில்லை" என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வட்டமே இல்லாமல் வெறும் இலக்கில் 4, 5 மீட்டரில் எய்வதும் நல்லது. குறி பார்க்கும் கவலை இல்லாததால் தோளும் விரலும் செய்வது தெரியும். உங்கள் விரல் பிசகலுக்கு மருந்து அதுதான்.

கொல்லைவில்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

முதலில் பின்வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் துளையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். பிறகு, "எந்த நேரத்தில் விடுவீர்கள்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். பலகையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். நகராட்சியிலிருந்து எழுத்திலேயே பதில் வந்தது: சொந்த எல்லையைத் தாண்டாதவாறு தடுப்பு வைத்துக்கொண்டு பழகத் தடையில்லை. படம் வரைந்து அனுப்பியது உதவியது.

இப்போது திசை திருப்பியாயிற்று, வலை தொங்குகிறது, கதவுச் சாவி என் பையில். முதல் நாளே ஓர் அம்பு வலையில் போய் மெத்தென்று விழுந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

புதிதாக ஒரு சிக்கல். 5 மீட்டரில் அம்புகள் ஒன்றன்மேல் ஒன்று மோதுகின்றன. நேற்று ஒரு நாக் (அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் துண்டு) உடைந்தது, ஒரு தண்டின் இறகு பிய்ந்தது. தூரத்தைக் கூட்ட வேண்டுமா?

மூன்றுவிசில்:
வேண்டாம். வட்டத்தைக் கூட்டுங்கள். ஓர் இலக்கில் ஆறோ ஒன்பதோ சிறு வட்டங்கள் ஒட்டி, வட்டத்துக்கு ஓர் அம்பு என்று விடுங்கள். நுரையும் ஒரே இடத்தில் தேயாது. நடுப்பகுதி தேய்ந்த இலக்கை அம்பு ஊடுருவிப் போய்விடும், அதையும் மாதம் ஒருமுறை கையால் அழுத்திப் பாருங்கள். நாக் உடைந்த தண்டை வளைத்துச் சோதிக்காமல் புது நாக் மாட்டாதீர்கள்.

இனி வீட்டில் யாராவது உடன் எய்ய வந்தால் விசில் முறையையும் பழக்கிவிடுங்கள்: இரண்டு விசிலுக்குக் கோட்டுக்கு வருவது, ஒன்றுக்கு எய்வது, மூன்றுக்கு அம்பெடுக்கப் போவது. விடாமல் ஐந்து ஊதினால், நாணை எவ்வளவு இழுத்திருந்தாலும் விடாமல் இறக்கிவிட வேண்டும்.

கொல்லைவில்:
ஒன்பது வட்டம் ஒட்டிவிட்டேன். நேரமும் முடிவாகிவிட்டது, ஞாயிறு காலை ஏழு முதல் எட்டு வரை. பின்வீட்டுக் குழந்தை ஒன்பது மணிக்கு முன் எழுந்திருப்பதே இல்லையாம்.