மறுமொழி: ஸ்டீரியோ பெடலுக்கு ஒரு சொல் போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

> ‘ஸ்டீரியோ’வுக்கு ஈரொலி, ‘ட்ரூ ஸ்டீரியோ’வுக்கு மெய்யீரொலி. இத்தோடு முடித்துக்கொள்ளலாமா?

இப்போதே முடிக்க வேண்டாம், அண்ணா. நம் கலைச்சொல் பட்டியலில் பெடல் என்பது கிட்டார் ஒலியில் எஃபெக்ட் எனும் மாற்றங்களை ஏற்றக் காலடியில் வைக்கும் பெட்டி. ஈரொலி காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிட்டார் வாசிக்கிறவர்களிடம் அது குழப்பத்தையே தரும். எஃபெக்ட் ஏறாத ஒலியை அவர்கள் ‘ட்ரை’ (உலர்ந்தது) என்பார்கள், ஏறியதை ‘வெட்’ (ஈரமானது) என்பார்கள். யாராவது ஒருவர் அதை ‘ஈர ஒலி’ என்று எழுதத்தான் போகிறார். அப்புறம் ‘ஈரொலி வெளியீடு’ என்று படித்தால் இடம் வலம் இரண்டுக்குமான வெளியீடா, எஃபெக்ட் மட்டும் வருகிற வெளியீடா?

இது வெறும் கற்பனைச் சிக்கல் இல்லை. ஒரே கிட்டாரைப் பலர் சேர்ந்து வாசிப்பதுபோல ஒலிக்கவைக்கும் எஃபெக்ட் கோரஸ். 1976இல் வந்த பாஸ் சிஇ-1 கோரஸ் பெடலுக்கு இரண்டு வெளியீடு. ஸ்டீரியோவாக மாட்டினால் ஒன்றில் கிட்டார் ஒலி அப்படியே வரும். மற்றதில் சுருதி லேசாக ஏறி இறங்கும் ஒலி வரும். அதற்கு முந்தைய ஆண்டு ரோலண்ட் கொண்டுவந்த ஜேசி-120 ஆம்ப்பிலும் இதே ஏற்பாடுதான்: 60 வாட் ஆம்ப் இரண்டு, 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, ஒன்றில் நேர் ஒலி, இன்னொன்றில் ஆடும் ஒலி. இரண்டும் காற்றில் கலக்கும்போதுதான் அந்த அகலமான கோரஸ் பிறக்கிறது. ஒரே ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டால் அது கிடைக்காது. இப்படிப்பட்ட பெட்டியை விளக்கும்போது ‘ஈரொலி’யும் ‘ஈர ஒலி’யும் ஒரே வாக்கியத்தில் வந்து முட்டிக்கொள்ளும்.

அதனால் உலர்வும் ஈரமும் வேண்டாம். எஃபெக்ட் ஏறாதது நேரொலி, ஏறியது மாற்றொலி. மோனோவுக்கு ஓரிழை, ஸ்டீரியோவுக்கு ஈரிழை. நெசவில் ஈரிழை பழகிய சொல். யாரும் அதை ஈரத்தோடு குழப்பிக்கொள்வதில்லை. பெடல் பெடலாகவே இருக்கட்டும். சைக்கிள் வழியாக அது எப்போதோ தமிழுக்குள் வந்துவிட்டது. ‘மிதி’ என்று எழுதினால் படிப்பவர் மனதில் முதலில் வருவது வாசலில் கிடக்கும் கால்மிதிதான்.

அடுத்தது ‘ட்ரூ’வுக்கு நீங்கள் வைத்த ‘மெய்’. ஒன்றை மெய் என்றால் மற்றதெல்லாம் பொய் என்றாகிவிடும். பெடல் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது அதுவல்ல. உள்ளே போன இடப்பக்க ஒலியும் வலப்பக்க ஒலியும் பெட்டிக்குள் என்ன ஆகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி.

கிட்டாரிலிருந்து வருவது பெரும்பாலும் ஓரிழைதான். 1959இல் வந்த கிப்சன் இஎஸ்-345 போல தந்தியின் அதிர்வை மின்குறிகையாக்கும் பிக்கப் இரண்டையும் தனித்தனியே வெளியே எடுத்துத் தந்தவை விதிவிலக்கு. ஆகவே பெடல் வரிசையில் எங்கோ ஓரிடத்தில் ஒன்று இரண்டாக வேண்டும். ஒரு நுழைவும் இரண்டு வெளியீடும் கொண்ட பெடல் அந்த வேலையைச் செய்கிறது. இது விரியிழை. ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், ஃபஸ் போன்றவை இதற்கு முன்னால் நிற்பதால் அவை ஓரிழையாக இருப்பதில் ஒரு நட்டமும் இல்லை.

விரிந்த பிறகு வரும் பெடல்களில்தான் வில்லங்கம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் இரண்டு நுழைவு, இரண்டு வெளியீடு. ஒரு வகை இரண்டையும் கடைசிவரை தனித்தனியே நடத்தும். இதை இணையிழை என்கிறேன். இன்னொரு வகை இரண்டையும் கூட்டி ஒன்றாக்கி, எஃபெக்ட் ஏற்றி, மறுபடி இரண்டாக விரிக்கும். இடமும் வலமுமாக ஒலியை மாற்றி மாற்றி அனுப்பும் ட்ரெமலோவுக்குப் பின்னால் எதிரொலி தரும் டிலே பெடலில் இந்த இரண்டாம் வகை ஒன்றை மாட்டுங்கள். இடப்பக்கம் ஏறும்போது வலப்பக்கம் இறங்குகிறது. இரண்டையும் கூட்டினால் அளவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். எதிரொலியில் அந்த ஆட்டம் இருக்கவே இருக்காது. எதிரொலியை இடமும் வலமுமாக மாறி மாறித் தரும் பிங்-பாங் டிலேக்குப் பின்னால் இப்படி ஒரு கோரஸ் வந்தாலும் இதே கதிதான்.

ஒரு பெடல் எந்த வகை என்று கண்டுபிடிக்கும் வழியையும் சொல் விளக்கத்தோடு சேர்த்துவிடலாம். இட நுழைவில் மட்டும் கிட்டாரை மாட்டினால் பல பெடல்கள் ‘இவர் ஓரிழைக்காரர்’ என்று எடுத்துக்கொண்டு அதையே இரண்டு பக்கத்துக்கும் அனுப்பிவிடும். அதனால் வல நுழைவிலும் ஒரு கேபிளைச் செருக வேண்டும். அதன் மறுமுனையில் வால்யூம் மூடிய இன்னொரு கிட்டார் இருந்தால் இரைச்சல் வராது. இப்போது நேரொலியோடு மாற்றொலி எவ்வளவு சேர வேண்டும் என்று வைக்கும் மிக்ஸ் குமிழை முழுக்கக் குறைத்து வாசியுங்கள். ஒலி இடப்பக்கம் மட்டும் வந்தால் நேரொலி கலக்கவில்லை. பிறகு குமிழை முழுக்க ஏற்றுங்கள். மாற்றொலி இரண்டு பக்கமும் சமமாக வந்தால் உள்ளே கூட்டல் நடக்கிறது என்று சந்தேகப்படலாம். அறையின் எதிர்முழக்கத்தைத் தரும் பல ரிவெர்ப் பெடல்கள் நேரொலியைப் பிரித்தே வைத்துக்கொண்டு மாற்றொலிக்கு மட்டும் கூட்டுகின்றன. அதனால்தான் மெய்யா பொய்யா என்று ஒரே அடைமொழியில் அடக்க முடியவில்லை.

என்னைக் கேட்டால், வரிசையின் கடைசியில் வைக்கும் ரிவெர்ப் இப்படி இருப்பதில் பெரிய குறையில்லை. எதிர்முழக்கம் எப்படியும் அறை முழுக்கப் பரவுவது. அது எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது என்று காது அவ்வளவாகத் தேடாது. நடுவில் வரும் டிலே, கோரஸ் விஷயத்தில்தான் கறாராக இருக்க வேண்டும்.

சின்ன விஷயம் ஒன்று. ‘ஸ்டீரியோ ஜாக்’கை ‘ஈரிழைச் செருகி’ ஆக்கிவிடாதீர்கள். நுனி, வளையம், உறை என மூன்று தொடுமுனை உள்ள அதே செருகி, சமநிலைப்படுத்திய ஓரிழை இணைப்புக்கும் பயன்படுகிறது. மும்முனைச் செருகி என்று உள்ளதைச் சொன்னால் போதும்.

---

> இவர் ஓரிழைக்காரர்

தம்பி, ஈரொலியைக் கைவிடுகிறேன். ஈரம் எனக்குத் தோன்றவே இல்லை. நேரொலி, மாற்றொலி இரண்டும் பிரமாதம். ஆனால் இரண்டு கேள்வி.

ஒன்று, ‘இழை’ இந்தக் குழுவிலேயே மடல் தொடருக்குப் புழங்குகிறது, ஒளியிழையும் இருக்கிறது. ‘இருதடம்’ என்றால் என்ன கெட்டுவிடும்?

இரண்டு, ‘இணையிழை’ என்றதும் இணைகோடு நினைவுக்கு வந்தால் சரி. இணைத்துவிட்ட இழை என்று ஒருவர் படித்தால் நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிராகப் போய்விடும். அந்தக் கூட்டி விரிக்கும் வகைக்கு நீங்கள் பெயரே வைக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

அப்புறம், இரண்டு ஆம்ப்புக்கு நடுவே வைக்கும் பெட்டியில் ‘ஃபேஸ்’ என்று ஒரு விசை இருக்குமே, அதற்குக் ‘கட்ட மாற்றி’ என்று பட்டியலில் இருக்கிறது. அதைத் தொடலாமா?

---

தடம் பதிவுக்கூடத்தில் ஏற்கெனவே வேலையாக இருக்கிறது, அண்ணா. குரல் ஒரு தடம், கிட்டார் ஒரு தடம் என்று இருதடப் பதிவு செய்யலாம்; அது ஸ்டீரியோ ஆகாது. இழைக்கு அந்தத் தொல்லை இல்லை. மடலையும் பெடலையும் யாரும் மாற்றிப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

இணையிழை பற்றிச் சொன்னது சரி, அதை எடுத்துவிடுவோம். ‘கலவா ஈரிழை’, ‘கலந்த ஈரிழை’ என்று ஜோடியாக வைத்தால் பெயரில்லாத வகைக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது. நேரொலி கலவாமல் மாற்றொலி மட்டும் கலக்கும் ரிவெர்ப்பை ‘மாற்றொலி கலந்த ஈரிழை’ என்று தனிச் சொல் இல்லாமலே எழுதிவிடலாம்.

ஃபேஸ் விசையை மாற்றித்தான் ஆக வேண்டும். அது ஒலியைத் தாமதிப்பதில்லை. அலையைத் தலைகீழாகத் திருப்புகிறது, அவ்வளவுதான். இரண்டு ஆம்ப்பில் ஒன்று மட்டும் அலையைத் திருப்பித் தருவதாக இருந்தால் கீழ்ச்சுரங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒலி சோகையாகிவிடும். அந்த விசையைத் தட்டினால் சரியாகும். ‘முனைமை மாற்றி’ என்பேன். கட்டம் என்பதைத் தாமதத்தால் வரும் வேறுபாட்டுக்கு ஒதுக்கிவைப்போம்: ஒரு பக்கத்தை 1 மில்லிநொடி தாமதித்துவிட்டு இரண்டையும் சம அளவில் கூட்டினால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். அந்தப் பள்ளங்களை எந்த முனைமை விசையாலும் நிரப்ப முடியாது. அவை இடம் மாறி விழும், அவ்வளவே.

பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்: ஓரிழை, ஈரிழை, விரியிழை, கலவா ஈரிழை, கலந்த ஈரிழை, நேரொலி, மாற்றொலி, மும்முனைச் செருகி, முனைமை மாற்றி. ‘விரியிழை’க்கு மட்டும் இன்னும் நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், ‘விரி ஈரிழை’ என்று மற்ற இரண்டோடு சேர்த்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.