திப்புவின் வீரர்களை மேசையில் அணிவகுக்க

செவ்வாய்ப்பேட்டை அப்பா: சங்ககிரிக் கோட்டையைப் பார்த்ததிலிருந்து, திப்புவின் வீரர்கள் என்ன உடுத்தினார்கள் என்று என் மகள் துளைத்தெடுக்கிறாள். படங்கள் நிறைந்த போர் வரலாற்று நூலும், நாங்கள் இருவரும் ஆட ஒரு விளையாட்டும் சொல்லுங்கள்.

ஏற்காட்டு வாசகர்: ஆஸ்ப்ரே பதிப்பகத்தின் மெல்லிய நூல்களில் தொடங்குங்கள் ஐயா. வண்ணப் படங்கள்தான் அவற்றின் உயிர். தலைப்பாகை, கச்சை, வாள்பிடி எல்லாம் தெளிவாகத் தெரியும். ஆங்கில நூல்கள், பக்கத்தில் அமர்ந்து வாசித்துச் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி ஆட்டக்காரர்: 2004இல் வந்த 'மெமோயர் 44' என்ற பலகை விளையாட்டை வாங்குங்கள். இரண்டாம் உலகப் போர்க் களம்தான். ஆனால் அறுகோணக் கட்டம், கட்டளைச் சீட்டு, பகடை மூன்றும் குழந்தைக்கு உடனே பிடிபடும். பழகியதும் 1792 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையை நீங்களே வரைந்து ஆடலாம். அதன் முடிவில்தான் நம் சேலம் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது!

செவ்வாய்ப்பேட்டை அப்பா: மிக்க நன்றி. திப்பு படையின் இரும்புக்குழல் ராக்கெட்டுக்கு எத்தனை பகடை என்று இப்போதே கேட்கிறாள்.