மோட்டார்ஹோமில் கிழக்குக்கரைக்கு: கழிப்பறைத் தொட்டியை எங்கே காலி செய்வது?

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து குடும்பத்தோடு வாடகை மோட்டார்ஹோமில் (படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) கிளம்புகிறோம். கோல கங்சார், லெங்கோங், கிரிக், ஜெலி வழியாகக் கோத்தா பாரு. அப்புறம் கடலோரமாகவே குவாந்தான்வரை. நவம்பர் மழைக்கு முன்னால் திரும்பிவிடுவோம்.

கிரிக்-ஜெலி மலைச்சாலையில் யானைகள் குறுக்கே வரும், இருட்டில் ஓட்டமாட்டோம். அந்தச் சாலையில் ஏரி நடுவே இருக்கும் பூலாவ் பண்டிங் தீவில் வண்டியிலேயே படுக்க விடுவார்களா?

பெரிய கவலை கழிப்பறைத் தொட்டிதான். பாட்டிக்கு முட்டிவலி, ராத்திரியில் இறங்கி நடக்க முடியாது. உள்ளே கழிப்பறை இருப்பதால்தான் அவரும் வருகிறேன் என்றார். அதை முறையாகக் காலி செய்யவும் நல்ல தண்ணீர் பிடிக்கவும் கிழக்குக்கரையில் எங்கே வசதி இருக்கிறது? ஆற்றிலோ சாக்கடையிலோ ஊற்ற மனசு ஒப்பாது. போய் வந்தவர்கள் இடத்தின் பெயரோடு சொல்லுங்கள்.