பழைய கணினியில் கிராபிக்ஸ் கார்டு மாற்றிய அனுபவம்: லேபிளில் இருந்த 14 ஆம்பியர்

திருச்சியிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். 2013-இல் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிறது. ஐ5-3470 பிராசசர், எச்61 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், கேபினெட்டோடு சேர்ந்தே வந்த எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஆகியவை அதில் உள்ளன. கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் எனக்கு அது போதுமானதாகவே இருந்தது. என் மகள் காட்சித் தொடர்பியல் படிப்பில் சேர்ந்து, பாடத்துக்காக பிளெண்டர் என்ற முப்பரிமாணக் காட்சிகள் உருவாக்கும் மென்பொருளை நிறுவியபோதுதான் சிக்கல் தொடங்கியது. பிளெண்டர் 4.0 பதிப்பிலிருந்து ஓபன்ஜிஎல் (மென்பொருள் கிராபிக்ஸைப் பயன்படுத்த உதவும் முறை) 4.3 கட்டாயம், எங்கள் பிராசசருக்குள்ளேயே இருக்கும் எச்டி 2500 கிராபிக்ஸ் 4.0 வரைதான் எட்டும். பழைய 3.6 பதிப்பைப் போட்டுச் சில வாரங்கள் சமாளித்தாள். ஆனால் வகுப்பில் தரும் கோப்புகள் புதிய பதிப்பில் செய்யப்பட்டவை என்பதால் பாதி அமைப்புகள் காணாமல் போயின.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் பயன்படுத்திய ஜிடிஎக்ஸ் 1060 கார்டைக் காட்டினார்கள். அந்தக் கார்டுக்கு 6 பின் மின்இணைப்பு தேவை, என் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அது கிடையாது. “450 வாட்ஸ்தானே சார், தாராளமாத் தாங்கும்” என்று உறுதி சொல்லி, மோலெக்ஸ் (ஹார்ட் டிஸ்க் போன்றவற்றுக்கான பழைய 4 பின்) முனையிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் ஒரு கன்வெர்ட்டர் வயரையும் கடைக்காரர் சும்மாவே கொடுத்தார். நானும் நம்பி வாங்கி வந்தேன்.

மாட்டியதும் பிளெண்டர் திறந்தது. மகளுக்கு அன்று பெரிய சந்தோஷம். ஆனால் ரெண்டர் (காட்சியை முழுப் படமாக உருவாக்கும் வேலை) கொடுத்துப் பத்து நிமிடத்தில் கணினி மொத்தமாக அணைந்துவிட்டது. மறுபடி போட்டாலும் அதே கதை. மூன்றாவது முறை பக்கவாட்டு மூடியைக் கழற்றியபோது லேசான கருகல் வாடை வந்தது. மோலெக்ஸ் முனையின் வெள்ளை பிளாஸ்டிக், மஞ்சள் வயர் நுழையும் இடத்தில் மட்டும் பழுப்பேறியிருந்தது. விரல் வைக்க முடியாத சூடு.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கத்தில் ஒட்டியிருந்த லேபிளை அன்றைக்குத்தான் டார்ச் அடித்துப் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் 450 என்று போட்டிருந்தது. கீழே கட்டத்துக்குள், +12 வோல்ட்டுக்கு நேராக 14 ஆம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினான்கால் பெருக்கினால் 168 வாட். பிராசசருக்கு 77, கார்டுக்கு 120 என்று கூட்டினாலே 197 வாட் வருகிறது. ஹார்ட் டிஸ்க்கையும் ஃபேன்களையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. பிராசசரும் கார்டும் அநேகமாக முழு மின்சாரத்தையும் அந்த 12 வோல்ட் பாதையிலிருந்தே எடுக்கின்றன என்பதால், பெரிய எழுத்தில் இருந்த 450 என் தேவைக்கு ஒரு பொருட்டே அல்ல. இந்தக் கணக்கைக் கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் போட்டிருக்கலாம், லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தால்.

ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அடுத்ததாக 2019-இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1650-ஐத் தேர்ந்தெடுத்தேன். அதன் தேவை 75 வாட். கார்டைச் செருகும் மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே அந்த அளவு வரை கொடுக்கும் என்பதால் தனி வயர் வேண்டியதில்லை. இதிலும் சில மாடல்களில் 6 பின் வைத்திருக்கிறார்கள், ஆகவே கார்டின் மேல்விளிம்பை நேரில் பார்த்தே வாங்கினேன். 77-உம் 75-உம் சேர்ந்து 152 தான், கணக்குப்படி பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸே தாங்கலாம். ஆனால் ஒருமுறை சுட்டதை மறுபடி நம்ப மனம் வரவில்லை. 12 வோல்ட் பாதையில் மட்டுமே 400 வாட்டுக்கு மேல் தரக்கூடிய புதிய ஒன்றையும் சேர்த்தே வாங்கினேன்.

அத்தோடும் முடியவில்லை. ஃபேன் சுற்றியது, திரை கருப்பாகவே இருந்தது. கார்டைக் கழற்றி, மானிட்டரை மதர்போர்டிலேயே செருகி, பென் டிரைவ் மூலம் பயாஸை (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) புதுப்பித்த பிறகுதான் படம் வந்தது. மகள் செய்திருந்த தேநீர்க் கடைக் காட்சி, முன்பு பிராசசரில் ஒரு பிரேமுக்கு 38 நிமிடம் எடுத்தது. இப்போது 11 நிமிடம். ஒரே கவலை, ரெண்டரின்போது கார்டின் வெப்பம் 78 டிகிரி வரை போகிறது. கேபினெட்டில் பின்பக்கம் மட்டுமே ஒரு ஃபேன் இருக்கிறது. இதற்கு என்ன செய்யலாம்?

கோவையிலிருந்து:

ஐயா, 78 டிகிரிக்குப் பயப்பட வேண்டியதில்லை. இருந்தாலும் முன்பக்கத்தில் காற்றை உள்ளிழுக்கும் ஃபேன் ஒன்று வைத்துவிடுங்கள்.

என் அனுபவம் வேறு மாதிரி. அலுவலகத்தில் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளக்ஸ் 7010, அதிலும் ஒல்லியான சிறிய மாடல், குறைந்த விலைக்குக் கிடைத்தது. அதன் எஸ்.எம்.பி.எஸ். 240 வாட், வடிவமே தனி என்பதால் கடையில் விற்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். உள்ளே நுழையாது. கார்டும் பாதி உயரத்தில்தான் இருக்க வேண்டும். அதனால் 30 வாட் ஜிடி 1030 போதும் என்று இணையத்தில் வாங்கினேன். அதே பெயரில் இரண்டு வகை உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளது நொடிக்கு 48 ஜிபி கடத்தும். டிடிஆர்4 உள்ளது 17 ஜிபியைக்கூட எட்டாது. எனக்கு வந்தது இரண்டாவது. விற்றவர் அதை விவரப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார். தம்பி ஆசையோடு விளையாட உட்கார்ந்தான், பத்து நிமிடத்தில் முகம் வாடி எழுந்துவிட்டான். பயன்படுத்திய ஜிடிடிஆர்5 கார்டு பிறகு கிடைத்தது, ஆனால் குட்டைப் பிராக்கெட் இல்லாமல். அந்தத் தகட்டைத் தேடவே இரண்டு வாரம் ஆனது.

சேலத்திலிருந்து:

நான் வீட்டிலிருந்து பாடம் எடுத்து, அதைப் பதிவும் செய்கிறேன். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6400 கார்டுக்கு 53 வாட் மட்டுமே என்பதைப் பார்த்து மகிழ்ந்து வாங்கினேன். அந்தச் சிப்பில் வீடியோவைப் பதிவுசெய்யும் என்கோடர் கிடையாது என்பதை மாட்டிய பிறகே அறிந்தேன். மேலும் அது நான்கே லேன்களில் (ஸ்லாட்டில் தரவு போகும் தடங்கள்) இயங்குகிறது. பழைய மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஸ்லாட்டில் அதன் தரவு வேகம் பாதியாகிவிடுகிறது. திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. நல்லவேளையாக என் ஐ5-4590-க்குள் இருக்கும் எச்டி 4600 கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்ற வீடியோ என்கோடர் உண்டு. கார்டு மாட்டியதும் பயாஸ் தானாக அதை அணைத்து வைத்திருந்தது. உள்ளே போய் மறுபடி இயக்கி, ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் பதிவு வேலையை அதனிடம் கொடுத்துவிட்டேன். இப்போது கார்டு திரையைப் பார்த்துக்கொள்கிறது, பிராசசருக்குள் இருப்பது பதிவைப் பார்த்துக்கொள்கிறது.

திருச்சியிலிருந்து:

கோவை நண்பருக்கு நன்றி. முன்பக்கம் 120 மி.மீ. ஃபேன் ஒன்று மாட்டினேன். அதே காட்சிக்கு இப்போது 71 டிகிரி. கார்டு இரண்டு ஸ்லாட் அகலம் என்பதால் பக்கத்து ஸ்லாட்டில் இருந்த வைஃபை கார்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பதிலாகக் கூடத்திலிருந்து லேன் வயர் இழுத்திருக்கிறேன். பழுப்பேறிய அந்தக் கன்வெர்ட்டர் வயரை வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று வெட்டிப் போட்டுவிட்டேன்.